குற்றாலக் குறவஞ்சியில் நகையும் கற்பும்

கற்பு ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒருங்கே உரிய அறம் எனப் பெண்கள் விடுதலைக் கும்மியில் வற்புறுத்திய பாரதியார், 1918ஆம் ஆண்டின் இறுதி முதல் 1920 வரை தம் துணைவியார் செல்லம்மாவின் ஊராகிய கடையத்தில் வாழ்ந்தார். அவ்வூர்க்கு வடமேற்கே, அதே மலைத்தொடரின் அடியில் அமைந்தது குற்றாலம். கும்மிக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகட்கு முன்னர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் அத்தலத்து இறைவர்மீது குறவஞ்சி பாடினார். மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்குப் பரிசாக அளித்த நிலம் குறவஞ்சிமேடு எனப்படும். கற்புநெறி ஒருபாற் கோடி நின்றமையை இந்நகைநாடகம் எங்ஙனம் காட்டுகின்றது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

உலாவந்த இறைவரைக் கண்டு வசந்தவல்லி மையல் கொள்கிறாள். பாங்கியைத் தூது விடுத்தவளும் அவளே. ஆயினும் குறி சொல்லவந்த சிங்கி அவள் உள்ளத்தை வெளிப்படுத்தியவுடன், கன்னியாகிய தன்னைக் காமி என்றனையே எனச் சினக்கிறாள். இது வெறும் நாணம் அன்று; அப்பெயர் ஊரார் செவிப்படின் விளையும் பழிக்கு அஞ்சிய அச்சம் என்பதே எம் கருத்து.

அவளை மயக்கிய தலைவர்க்கோ அச்சம் இல்லை. குழல்வாய்மொழியம்மையை உடனுறையப் பெற்ற அவரைச் சிங்கி, பெண்ணைச் சேர வல்லவர் எனக் குறிக்கிறாள். பெண் என்பது திரி, சேர என்பது கூட, வல்லவன் என்பது நாதன் எனப் பொருள் விரித்துத் திரிகூடநாதர் என்னும் திருப்பெயரையே அதனுள் காட்டுகிறாள். சிலேடை மிக நயமானது; அதனை நயந்து மகிழாதார் இலர். எனினும், பெண்ணுக்கு வசையாகிய காமம் ஆணுக்குத் திருப்பெயராக அமைந்தமையை ஓர்ந்து நோக்குதல் தகும்.

பின்னர் வரும் சிங்கன் சிங்கி உரையாடல் இன்னும் கூரியது. இத்தனை நாளும் சொல்லாமல் எங்கே சென்றாய் என்பதே கணவனின் முதல் வினா. சிலம்பு அவனுக்கு விரியன்பாம்பாகத் தோன்றுகிறது. பாடகம் நாங்கூழ்ப்புழுவாகவும், கெச்சம் செத்த தவளையாகவும் தோன்றுகின்றன. இதனைக் குறவனின் பேதைமை என்றே பலரும் கொள்வர். யாம் அங்ஙனம் கொள்ளோம். வினா ஒவ்வொன்றும் உசாவல். சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது சிலம்பு எனவும், பாண்டியன் மகள் இட்டது பாடகம் எனவும், அணிதோறும் இடமும் காரணமும் கூறி அவள் கணக்கு ஒப்புவிக்கின்றாள். தன் தொழிலால் தானே ஈட்டிய பொருள் அவள்மேல் ஐயத்திற்கு ஏதுவாகின்றது! பறவை பிடிக்கக் காடும் வயலும் திரிந்த சிங்கன், அந்நாள்களில் எங்கு யாருடன் இருந்தான் என ஒருவரும் வினவவில்லை, சிங்கியும் வினவவில்லை.

ஆனால் அவள் அஞ்சுவதும் இல்லை. சொல்லப் பயமாயிருக்கிறது என்று தயங்குபவன் சிங்கனே. அஞ்சாமற் சொல்லடா என்று ஊக்குபவள் அவள். கணவனை ‘அடா’ என விளிக்கும் உரிமை வசந்தவல்லி போன்ற உயர்குடி மகளிர்க்கு அந்நாளில் இல்லை. கவிராயர் அவ்வுரிமையைக் குறத்திக்கே, அதுவும் நகைக்கிடையே, அளித்தார்.

வினாக்கள் முடிந்தபின் சிங்கன் முத்தம் வேண்டுகிறான். பட்டப்பகலில் அது தகுமோ என மறுக்கின்றவளும் சிங்கியே.