வாடையும் வாடகையும்

நெடுநல்வாடையை முதுகலை வகுப்பில் நடத்தும்போது மாணவிகள் அரண்மனைப் பகுதியைவிட ஊர்ப் பகுதியிலேயே அதிகம் நின்றுவிடுகிறார்கள். கோவலர்கள் கையைத் தீயில் காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொள்கிறார்கள். சந்தனக்கல் வேலையற்றுக் கிடக்கிறது. சாளரக் கதவுகளுக்குத் தாழ் விழுகிறது. ஆடல்மகளிர் குளிரில் குரல் திரிந்த யாழ் நரம்பைத் தம் மார்பின் வெம்மையில் தடவிச் சுருதி கூட்டுகிறார்கள். யாழ் நரம்பைக்கூடப் பெண்ணின் உடம்புதான் சூடாக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு மாணவி சொன்னாள். அவள் சொன்னது சரி. ஆனால் அந்தச் சாளரம் யாருடையது, அது சரியாக மூடாவிட்டால் தச்சனுக்குக் கூலி கொடுப்பது யார் என்று கேட்க அந்தப் பாட்டில் இடமில்லை. அது வாடகை வீட்டின் கேள்வி. அதை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவரும் ஊர் ஒன்று உண்டு: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ.

அங்கே டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரத்தாரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஓரறை, ஈரறை வீடுகளில் இருந்தார்கள். மணற்கல்லால் கட்டிய மூன்று, நான்கு மாடி டெனமென்ட் குடியிருப்புகள் அவை. ஓரறை வீட்டுக்குச் ‘சிங்கிள் எண்ட்’ என்று பெயர். அந்த ஓர் அறையில்தான் அடுப்பு, சுவர்க்குழிக்குள் கட்டில், நிலக்கரிப் பெட்டி எல்லாம். சமைப்பதற்கும் குளிர் காய்வதற்கும் அதே அடுப்புதான். காலையில் சாம்பல் வாரி, இரும்புக்குக் கறுப்பு மெருகேற்றி, தீ மூட்டி, இரவில் ஈரமாக்கிய கரித்தூளைப் போட்டு அணையாமல் அமுக்கி வைப்பது வரை அத்தனையும் பெண்ணின் வேலை. இதில் ஒரு கொடுமை உண்டு. திறந்த அடுப்பின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். போகிற காற்று அறைக்காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கிலும் சன்னல் இடுக்கிலும் வாடை உள்ளே நுழையும். தீ பெரிதாக எரிய எரிய முதுகு குளிரும். ஆகவே சன்னல் சட்டத்தில் செய்தித்தாளைத் திணித்தார்கள். கந்தல் அடைத்த துணிச்சுருளைக் கதவடியில் போட்டார்கள். படுக்கையில் வெந்நீர் நிரப்பிய பீங்கான் குடுவையை வைத்தார்கள். நம் இலக்கிய வரலாறுகளில் இடம் பெறாத தொழில்நுட்பங்கள் இவை.

1915-இல் போர்த் தளவாட வேலைக்காக ஆட்கள் வந்து குவிய, கோவன், பார்டிக் பகுதிகளில் வீட்டு உரிமையாளர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்களில் பலர் போர்முனையில் இருந்தார்கள். மேரி பார்பர், ஹெலன் கிராஃபர்ட், ஆக்னஸ் டாலன், மேரி லெயர்ட் முதலானோர் முன்னிற்க, பெண்கள் கூடுதல் வாடகையைத் தர மறுத்தார்கள். ‘நாங்கள் காலி செய்யமாட்டோம்’ என்ற அட்டை சன்னல்தோறும் தொங்கியது. ஒருத்தி கையில் மணியோடு வாசல் நடையில் உட்கார்ந்திருப்பாள். காலி செய்ய வைக்கும் அமீனா வந்தால் மணி அடிப்பாள். அடுப்படியிலிருந்தும் துவைகல்லிலிருந்தும் பெண்கள் ஓடிவந்து மாவுப் பொட்டலத்தாலும் ஈரத்துணியாலும் அவனை அடித்து விரட்டுவார்கள். நவம்பர் 17 அன்று ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றத்தின் முன் திரண்டார்கள். அடுத்த மாதமே நாடாளுமன்றம் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்திச் சட்டம் இயற்றியது.

அது வாடகைப் போராட்டமே தவிரக் குளிருக்கெதிரான போராட்டமல்ல என்று சொல்லலாம். ஆனால் வாடகைக் காசும் நிலக்கரிக் காசும் ஒரே பணப்பையிலிருந்துதான் போயின. அந்தப் பை பெண்ணின் கையில் இருந்தது. அதனால்தான் ஆலைச் சங்கங்கள் அசைவதற்கு முன்பே படிக்கட்டுகள் அசைந்தன என்று நினைக்கிறேன்.

அடுத்த சண்டை நகராட்சியோடு. பழைய கொர்பால்ஸ் சேரிகளை இடித்துவிட்டு, முன்வார்ப்புக் கான்கிரீட் பலகைகளைப் பொருத்தி ‘ஹட்சன்டவுன் இ’ அடுக்ககங்களைக் கட்டினார்கள். மின்சாரத்தால் தரையைச் சூடாக்கும் வசதியும் இருந்தது. ஆனால் அதை ஓடவிட்டால் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. நிறுத்தினால் சுவர் சில்லிட்டு, மூச்சும் சமையல் ஆவியும் அதில் நீராகப் படிந்து, கறுப்புப் பூஞ்சை ஏறியது. சிலர் மலிவாகக் கிடைத்த மண்ணெண்ணெய் அடுப்பை வாங்கினார்கள். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும். ஏழையின் கணப்பே ஈரத்தையும் கூட்டியது.

புகார் செய்தவர்களுக்கு அதிகாரிகள் வாழ்க்கைமுறையைத் திருத்திக்கொள்ளச் சொன்னார்கள். சன்னலைத் திற, கணப்பைக் கூட்டு, உள்ளே துணி காயப்போடாதே என்றார்கள். சூடாக்கிய காற்றைத் திறந்த சன்னல் வழியே வெளியே அனுப்பிவிட்டு அதற்கும் கட்டணம் கட்டு என்பதுதான் இதன் பொருள். சுவரின் குற்றம் இப்படி இல்லத்தரசியின் குற்றமாகிவிட்டது. 1970-களின் நடுவில் குடியிருப்போர் ஈர எதிர்ப்பு இயக்கம் தொடங்கி, வாடகையையும் நிறுத்திவைத்தார்கள். ஊர் வாயில் ‘டாம்பீஸ்’, அதாவது ஈர வீடுகள், என்று பேர் வாங்கிய அந்தக் கட்டடங்கள் 1987-இல் இடிக்கப்பட்டன.

பெண்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்ற வாதத்துக்கு அறிவியலும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. 1989-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில் கிளாஸ்கோ, எடின்பரோ, லண்டன் நகரங்களின் 597 குடும்பங்கள் இடம்பெற்றன. கிளாடியா மார்ட்டின், சோனியா ஹன்ட் ஆகிய இரு பெண்கள் ஆய்வுக் குழுவில் இருந்தார்கள். ஈரத்தைச் சோதித்தவர்கள் வேறு, உடல்நிலையைக் கேட்டவர்கள் வேறு. ஒரு தரப்பு கண்டது மறுதரப்புக்குத் தெரியாது. வருமானம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் ஈர வீட்டில் வாழும் குழந்தைகளுக்கு இழைப்பும் இருமலும் அதிகமாக இருந்தன. தாய்மார் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததுதான். அதை நம்ப இத்தனை ஏற்பாடு தேவைப்பட்டது.

அதே காலத்தில் கிளாஸ்கோவின் ஓரத்திலுள்ள ஈஸ்டர்ஹவுஸில் கேத்தி மெக்கார்மக் என்ற தாய் பூஞ்சைச் சுவரிலிருந்து அரசியலுக்கு வந்தார். அவரும் ஈஸ்ட்ஹால் பகுதிக் குடியிருப்போரும் கட்டடக் கலைஞர்களை 1987-இல் தங்கள் பேட்டைக்கே வரவழைத்தார்கள். இந்த வீட்டைக் குறைந்த செலவில் சூடாக வைக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். அதன் விளைவாக ஐரோப்பிய நிதியுதவியோடு 36 வீடுகள் மாற்றியமைக்கப்பட்டன. சுவருக்கு வெளியே காப்புறை போர்த்தினார்கள். பால்கனிகளைக் கண்ணாடியால் மூடி வெயிலின் சூட்டைப் பிடித்துவைத்தார்கள். கணப்புச் செலவு வெகுவாகக் குறைந்தது. அவருடைய தன்வரலாறு 2009-இல் வெளியானது. நம் மொழியில் அது வரவேண்டும்.

நானும் தங்கையோடு ஒரு குளிர்காலத்தை அந்த ஊரில் கழித்தேன். பழைய டெனமென்ட்டின் மூன்றாம் மாடி வீடு. படுக்கையறை மூலையில் பூஞ்சை படர்ந்ததைப் படமெடுத்து உரிமையாளரின் முகவருக்கு அனுப்பினாள். சோறு வடிக்கும் ஆவிதான் காரணம், மூடிபோட்டுச் சமையுங்கள் என்று பதில் வந்தது. சன்னல் சட்டத்தில் விரல் நுழையும் இடைவெளி பற்றி ஒரு சொல்லும் இல்லை. சோறு தின்பது குற்றமோ என்று தங்கை சிரித்தாள். பிறகு சட்டத்தில் பழைய காலுறைகளைத் திணித்தோம். 1915-இன் பெண்கள் செய்ததைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

ஆவி, சமையல், குளியல் என்று குடியேறியவர்களின் உடம்பைச் சுட்டும் இந்தப் பதிலுக்கு ஓர் உயிர் போயிருக்கிறது. இங்கிலாந்தின் ராச்டேலில் சூடானியக் குடும்பத்துக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். அவனுக்கு இரண்டு வயது. வீட்டுப் பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு செய்தது. அந்தக் குடும்பத்தின் குளியல் முறைதான் ஈரத்துக்குக் காரணம் என்று வீட்டுவசதி நிறுவனம் முன்முடிவு கட்டியிருந்ததும் வெளிவந்தது. அவன் பெயரால் அழைக்கப்படும் விதிகளுக்கு 2023-இல் நாடாளுமன்றம் வழிசெய்தது. ஈரம் பற்றிப் புகார் வந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் சமூக வீட்டு உரிமையாளர் வந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்கின்றன அவை. 2017-இல் அவனுடைய தந்தை முதன்முதலாகப் புகார் சொன்னபோது, பூஞ்சையின் மேல் பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.