ஆவண மரமும் அதன் கண்காணிப்பாளரும்

2011 மார்ச் 28 முதல் ஏப்ரல் 1 வரை, இருபதாவது அனைத்துலக உலகளாவிய வலை மாநாடு ஐதராபாத்தில் நடைபெற்றது. இணையப்பக்கம் என்பது வாசித்து மூடும் தாள் என்ற நிலை அதற்குள் மாறியிருந்தது. மின்னஞ்சலும் வரைபடமும் பயனரின் கண்முன்னே தம்மை மாற்றிக்கொண்டன. அம்மாற்றங்களை நிரல் எவ்வாறு அறிவது என்ற சிக்கலுக்கு அதே ஆண்டில் ஒரு தீர்வு உருப்பெற்றது. ஆனால் அது மாநாட்டு அரங்கில் அன்று. உலாவிப் பொறியாளர்களின் தரநிர்ணய விவாதங்களில்.

உலாவி ஒவ்வொரு பக்கத்தையும் கிளைகளும் கணுக்களும் கொண்ட மரமாகவே நினைவில் வைத்திருக்கிறது. கணு சேர்வதையும் நீங்குவதையும் அறிவிக்கும் ‘மியூட்டேஷன் ஈவன்ட்ஸ்’ என்ற முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2000 நவம்பரில் பரிந்துரைத்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்தக் கணமே கவனிக்கும் நிரலை இயக்கியதே அதன் அடிப்படைக் குறை. ஆயிரம் கணுக்களைச் சேர்த்தால் ஆயிரம் குறுக்கீடுகள். கவனிக்க வந்த நிரலே மரத்தை இடையில் மாற்றிவிடவும் கூடும். அதனால் உலாவிகள் நிலைகுலைந்தன. இம்முறையைப் பயன்படுத்தும் பக்கத்தில் பிற்பாடு நிகழும் மாற்றங்கள் ஒன்றரை முதல் ஏழு மடங்கு வரை மெதுவாகும் என்று மொசில்லாவின் ஆவணங்கள் எச்சரித்தன.

மாற்றாக வந்த ‘மியூட்டேஷன் அப்சர்வர்’ 2012இல் குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளிலும், 2013இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11இலும் இடம்பெற்றது. இது மாற்றங்களைப் பதிவுகளாகத் தொகுத்து, நடப்பு நிரல் முடிந்ததும் மொத்தமாக ஒப்படைக்கிறது. இதற்கென உலாவிகளில் அமைந்த ‘மைக்ரோடாஸ்க்’ ஏற்பாட்டையே பின்னர் ஜாவாஸ்கிரிப்டின் ‘பிராமிஸ்’ முறையும் பயன்படுத்திக்கொண்டது. இழப்பும் உண்டு: நிகழ்வின் நடுவே புகுந்து பார்க்கும் வாய்ப்பு போயிற்று. கண்காணிப்பாளர் இப்போது நிகழ்வின் பங்காளி அல்லர், பதிவேட்டை வாசிப்பவர்.

எனினும் பழைய முறை உடனே மறையவில்லை. 2011இலேயே கைவிடத்தக்கதாகக் குறிக்கப்பட்ட அது, 2024 ஜூலையில் வெளியான குரோம் 127இல்தான் இயல்புநிலையில் நீக்கப்பட்டது. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளும் அதை நம்பி எழுதப்பட்ட பக்கங்களுக்காகத் தரப்பட்ட அவகாசம் எனலாம். அப்பக்கங்களுள் பலவற்றுக்கு இன்று பராமரிப்பாளர் எவரும் இல்லாதிருக்கலாம். அவற்றைத் திறக்கும் வாசகர் மட்டும் இருக்கக்கூடும். தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பு ஆண்டுகளின் வரிசையாக மட்டும் எழுதினால், அந்த வாசகருக்காகக் காத்திருந்த காலம் கணக்கில் வராது.