துரைமார் நாய்க்கு வந்த வியாதி

இரும்புலியூரில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி இருக்கிறாள். சாயங்கால வேளையில் திண்ணையில் உட்கார்ந்து, நாயை மடியில் கிடத்திக்கொண்டு உண்ணி பொறுக்குவாள். பக்கத்தில் கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெய். பிடிபட்ட உண்ணியெல்லாம் அதற்குள் போகும்.

"இது ஒரு வேலையா, பாட்டி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"போன ஐப்பசியிலே இதோட அண்ணனைப் பறிகொடுத்தேன், தம்பி. உண்ணியாலே வந்த காய்ச்சலாம். டாக்டர் ரத்தத்தைப் பார்த்துச் சொன்னார்" என்றாள்.

அந்தக் காய்ச்சலின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் நமக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரை மணியில் கிண்டி. அங்கே 1899இல் தோன்றியது கிங் நிலையம். சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராயிருந்த கர்னல் கிங்கின் பெயர் அதற்கு.

அக்காலத்துச் சென்னைத் துரைமார்களுக்கு நரி வேட்டையில் மோகம். சீமையில் ஓடும் செந்நரி இங்கே ஏது? நம் குள்ளநரியைத் துரத்தித் திருப்திப்பட்டுக் கொண்டார்கள். 'மெட்ராஸ் ஹண்ட்' என்று ஒரு வேட்டைக் கழகம். அதற்கென்று ஒரு நாய்ப் பட்டாளம். துரை குதிரைமேல் போவார்; நாய் புதருக்குள் போகும். புதரில் நரி மட்டுமா இருக்கும்?

நாயின் ரத்தத்தைக் கெடுக்கும் ஒரு கிருமியை உண்ணிதான் சுமக்கிறது என்று 1901லேயே தென்னாப்பிரிக்காவில் லவுன்ஸ்பரி நிரூபித்திருந்தார். அது உண்ணியின் உடலுக்குள் எப்படி வளர்கிறது என்று 1907இல் கிறிஸ்டோபர்ஸ் எழுதினார். கிங் நிலையத்தில் பணிபுரிந்தவர் அவர். அதே நிலையத்தின் காப்டன் பாட்டன், வேட்டை நாய்களின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அதுவரை யாரும் வர்ணிக்காத வேறொரு கிருமி தெரிந்தது! பிறகு குள்ளநரியின் ரத்தத்தைப் பார்த்தார், அதிலும் அதுவே. 1910இல் பாரிஸ் சஞ்சிகை ஒன்றில் இதை வெளியிட்டார். 'பபீசியா கிப்சோனி' என்பது இன்று அதன் பெயர். துரத்தியவனுக்கும் ஓடியவனுக்கும் ஒரே வியாதி!

இந்தக் கிருமி ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை அழிக்கிறது. காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுத்தல், சில சமயம் மரணம். இப்போது மருந்துகள் உண்டு. ஆனால் பிழைத்த நாயின் ரத்தத்திலும் கிருமி பதுங்கியிருக்கக் கூடும். ஆகவே உண்ணியைத் தடுப்பதே புத்திசாலித்தனம்.

அதில் நாம் செய்யும் தவறு, நாயை மட்டும் பார்ப்பது. நம் வீட்டு நாய்களிடம் சாதாரணமாகக் காணும் பழுப்பு உண்ணி, தன் ஆயுளில் மூன்று முறை நாயின் மேல் ஏறி ரத்தம் குடிக்கிறது. மூன்று முறையும் இறங்கிவிடுகிறது. மிச்ச நாளெல்லாம் அதன் வாசம் சுவர் வெடிப்பிலும், படுக்கைச் சாக்கின் மடிப்பிலும்தான். அங்கேதான் பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. டாக்டர் தரும் மருந்து நாய்க்கு. சுண்ணாம்பும் துடைப்பமும் வீட்டுக்கு.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். மறுநாள் போனபோது நாயின் பழைய சாக்கு கொல்லையில் எரிந்துகொண்டிருந்தது. பாட்டி திண்ணைச் சுவரின் வெடிப்புகளை ஒவ்வொன்றாக அடைத்துக் கொண்டிருந்தாள். நாய் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது.