தேசிங்குராஜன் கதைப்பாடல்

தேசிங்குராஜன் கதை, வட தமிழ்நாட்டில் நெடுங்காலம் பாடவும் படிக்கவும் பட்ட வரலாற்றுக் கதைப்பாடல். பாடியவர் பெயர் இல்லாமலே வழங்கி வந்தது. 1714 அக்டோபர் 3 அன்று செஞ்சிக்கு அருகே ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு மோதி, இருபத்திரண்டு வயதில் மாண்ட தேஜ்சிங் இதன் நாயகன். தமிழர் வாயில் அவன் தேசிங்கு ஆனான். போர் நடந்தது செஞ்சிச் சீமையில். ஆனால் இந்தக் கதையின் ஒரு முனை பாலாற்றங்கரையில் நிற்கிறது. அங்கே நவாபின் தலைநகரமான ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் உள்ள இராணிப்பேட்டை, தேசிங்கின் மனைவி ராணிபாயின் நினைவாக நவாபு அமைத்த ஊர் என்பது பழைய மாவட்ட விவரச்சுவடிகளிலும் பதிவான மரபு.

இன்று அந்த ஊரை வெளியூரார் தோல் தொழிலால் அறிகிறார்கள். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் பாலாற்று வெளியெங்கும் தொடர்கின்றன. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இராணிப்பேட்டை ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. தினமும் ஆயிரக்கணக்கானோர் உச்சரிக்கும் அந்தப் பெயருக்குள் தோற்றவனின் மனைவி இருக்கிறாள். பாலாற்றங்கரையில் ராஜா–ராணி நினைவுச்சின்னம் என்று ஊரார் காட்டும் பழைய கட்டடமும் இதே மரபைச் சேர்ந்தது.

வரலாற்றுப் பின்னணி

தேசிங்கின் தந்தை சொரூப்சிங் புந்தேலா ராஜபுத்திரர். அவுரங்கசீப்பின் ஆட்சியில் செஞ்சிக் கோட்டைக்குப் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டவர். கோட்டையின் வருவாயிலிருந்து கட்டவேண்டிய தொகை பல ஆண்டுகளாக நிலுவையில் நின்றது. 1714இல் அவர் இறந்ததும், புந்தேல்கண்டிலிருந்து வந்த மகன் கோட்டையைத் தன் உரிமையாக எடுத்துக்கொண்டான். நவாபின் ஒப்புதலை அவன் கேட்கவில்லை. பாதுஷா கொடுத்த ஆணையே போதும் என்பது அவன் நிலை. நிலுவையைக் கேட்டு வந்த தூது பலிக்கவில்லை, படை வந்தது. தேசிங்கிடம் இருந்தவர்கள் சில நூறு பேர். அவன் செஞ்சியை ஆண்டது ஏறக்குறைய பத்து மாதங்கள்தான்.

நவாபின் பக்கத்து நியாயம், ஜஸ்வந்த்ராய் என்பவர் பாரசீக மொழியில் எழுதிய சயீத்நாமாவில் இருக்கிறது. அதைப் படித்தால் இது வரிபாக்கிக்காக எழுந்த வழக்கு. நிர்வாகம் தன் கடமையைச் செய்தது. தமிழில் நாராயணப் பிள்ளை எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரமும் இந்த நிகழ்ச்சிகளைச் சொல்கிறது. மூலங்களையும் பாட்டையும் ஒப்பிட்டு விரிவாக ஆராய்ந்தவர் சி.எஸ். சீனிவாசாச்சாரி. செஞ்சியின் வரலாறு பற்றிய அவரது ஆங்கில நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்டது.

கதை

பாட்டு வரிபாக்கியில் தொடங்குவதில்லை, குதிரையில் தொடங்குகிறது. டில்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத தெய்வக் குதிரை ஒன்று இருக்கிறது. அதை அடக்கப்போன தேசிங்கின் தந்தை தோற்றுச் சிறைப்படுகிறார். பாட்டில் அவர் பெயர் தேரணிராஜன். சிறுவனாக இருக்கும்போதே தேசிங்கு டில்லிக்குப் போய், பாராசாரி என்ற அந்தக் குதிரையின் மேல் ஏறி அடக்கி, தந்தையை மீட்கிறான். அவனுக்குப் பெண்ணும் அங்கேயே அமைகிறது.

பிறகு வருவது நட்பு. வழுதாவூர்க் கோட்டையில் இருக்கும் மகமத்கான் தேசிங்கின் உயிர்த்தோழன்; அவன் ஏறுவது நீலவேணி என்ற குதிரை. செஞ்சியிலிருந்து ஓலை வரும்போது மகமத்கானுக்குக் கலியாணம் நடந்துகொண்டிருக்கிறது. மணப்பந்தலை விட்டு எழுந்து, அந்தக் கோலத்திலேயே அவன் குதிரை ஏறுகிறான். தேசிங்கோ, அதுவரை முகம் பார்த்திராத மனைவியிடம் திரைக்கு இப்பாலிருந்து விடைபெறுகிறான். இருவருமே குடும்ப வாழ்க்கையைத் தொடங்காமல் போருக்குப் போகிறவர்கள். கேட்பவர் நெஞ்சு இறுகும் இடம் இது. பாட்டுக் கட்டியவரின் கைத்திறன் இங்கேதான் முழுதாகத் தெரிகிறது.

சிங்கவரம் அரங்கநாதர் தேசிங்கின் குலதெய்வம். போர் வேண்டாம் என்று தெய்வம் தடுத்தும் அவன் கேட்கவில்லை. பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்கிறார்கள். சிங்கவரம் குகைக்கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளின் தலைச் சாய்வைக் காட்டி அந்த ஊரார் இன்றும் இதைச் சொல்வதுண்டு.

போரில் மகமத்கான் குண்டுபட்டு விழுகிறான். தேசிங்கின் முடிவிலும் பாட்டும் வரலாறும் பிரிகின்றன. வரலாற்றில் அவன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். பாட்டில், தோழனும் குதிரையும் போனபின் தன் வாளை வானில் வீசி, அது இறங்கும்போது மார்பில் ஏந்தி மாள்கிறான். எதிரியின் கையால் அவன் சாவதைப் பாடியவர்கள் ஏற்கவில்லை. ராணிபாய் உடன்கட்டை ஏறினாள். செஞ்சியின் செட்டிகுளக்கரை அதற்குரிய இடமாகக் காட்டப்படுகிறது. மகமத்கானின் அடக்கம் நீலாம்பூண்டியில் உள்ளது. மேடு வைத்தும் பெயர் வைத்தும் நிலத்திலேயே இந்தக் கதையை எழுதிவைத்திருக்கிறார்கள்.

யார் பக்கம் நின்றது பாட்டு?

தேசிங்கு தமிழன் அல்லன். பத்து மாதம் மட்டுமே ஆண்ட வடநாட்டான். அவனைத் தமிழ்க் குடியானவர்கள் தங்கள் பிள்ளையாக வரித்துக்கொண்டதற்கு வீரம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. வரி கேட்டு வரும் படையைக் கண்டவர்கள் அவர்கள். கணக்கு நவாபின் பக்கம் சரியாக இருந்தாலும் மனம் இளைஞனின் பக்கம் போயிற்று.

அதைவிடப் பெரிய செய்தி, இந்தப் பாட்டைச் சமயப் போராக யாரும் பாடவில்லை என்பது. நவாபு முஸ்லிம், தேசிங்குக்காக முதலில் சாகிறவனும் முஸ்லிம். அரங்கனை வணங்குபவனும் அல்லாவைத் தொழுபவனும் ஒரே களத்தில் ஒருவருக்காக ஒருவர் மாள்கிறார்கள். வட ஆற்காட்டுக்கும் தென்னாற்காட்டுக்கும் இது புதிதல்ல. அங்குள்ள திரௌபதி அம்மன் கோயில்களில் போத்துராஜாவோடு முத்தால் ராவுத்தன் என்ற முஸ்லிம் வீரனும் காவல்தெய்வமாக நிற்கிறான். திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் தேசிங்கு கதையையும் அதே பின்னணியில் வைத்துப் பார்த்தார். முஸ்லிம்கள் பெருகி வாழும் மேல்விஷாரமும் ஆம்பூரும் வாணியம்பாடியும் உள்ள இந்த வட்டாரத்தில், மகமத்கானை ஓரத்துப் பாத்திரமாகக் குறுக்கிச் சொல்வது கதைக்கே செய்யும் துரோகம்.

இதே நிலத்தில் வேறு பெரும்போர்களும் நடந்தன. 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நவாபு அன்வருத்தீன் கான் வீழ்ந்தார். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். இந்திய வரலாற்றில் இவற்றின் எடை செஞ்சிச் சண்டையைவிடக் கூடுதல். கதையாக ஊர் ஊராய் நடந்ததில் தேசிங்குக்கே முதலிடம்.

அச்சும் மேடையும்

கதைப்பாட்டுக்காரர்கள் உடுக்கையோ பம்பையோ துணையாகக் கொண்டு இரவு முழுதும் கதை பாடுவது வழக்கம். முன்பாட்டுக்காரர் ஓரடி சொல்ல, பின்பாட்டுக்காரர் அதை வாங்கி நிறுத்துவார். அந்த இடைவெளியில் அடுத்த அடி உருவாகும். ஒரே அடைமொழியும் ஒரே வருணனையும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். ஏட்டில் சலிப்பாகத் தெரிவது பாடும்போது பிடிமானமாகிறது.

சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் இதைப் ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாக அச்சிட்டார்கள். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை ஆகியவற்றோடு தேசிங்குராஜன் கதையும் திருவிழாக் கடைகளில் விற்றது. ஒருவர் விளக்கடியில் இராகமிட்டுப் படிக்க மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பதற்கு அந்தப் பெரிய எழுத்து உதவியது. நாடக வடிவிலும் கதை வழங்கியது. திரைக்கும் இது போயிற்று: டி.ஆர். ரகுநாத் இயக்கிய ‘ராஜா தேசிங்கு’ 1960இல் வந்தது. அதில் எம்.ஜி.ஆர். தேசிங்காகவும் தாவூத்கான் என்ற பாத்திரமாகவும் இரு வேடமேற்றார், பானுமதியும் எஸ்.எஸ். ராஜேந்திரனும் உடன் நடித்தார்கள். படம் பெரிதாக ஓடவில்லை.