திருவொற்றியூர் புல்லட்டும் நான் நடத்தாமல் விட்ட பாடமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது பெரியண்ணனின் 1978-ஆம் வருட என்ஃபீல்டு புல்லட். அண்ணன் போய் நான்கு வருடம் ஆகிறது. அவர் உடம்புக்கு முடியாமல் படுத்த நாளிலிருந்தே வண்டியை யாரும் தொடவில்லை. வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன் போன தை மாதம் போனில் சொன்னான்: "சித்தப்பா, அதைக் காயலான் கடைக்குப் போட்டுடுங்க. இடமாவது மிச்சமாகும்." அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் காயலான் கடைக்காரர் வந்து தார்ப்பாயை விலக்கியபோது, டேங்க் மீது அண்ணன் கை வைத்து வைத்துத் தேய்ந்த இடம் கண்ணில் பட்டது. "அடுத்த மாதம் வாங்க" என்று அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு தடவை அது ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று தோன்றியது.

நான் வரலாற்று வாத்தியார். சைக்கிள் செயின் கழன்றாலே பையன்களைக் கூப்பிடுகிறவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில், அதாவது படிப்பதில், ஆரம்பித்தேன்.

என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்ற ஊர்க்காரர்களின் கம்பெனி. 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். புல்லட் என்ற பெயர் 1932-லேயே வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவத்துக்கு எல்லைப் பகுதிகளில் ரோந்து போக உறுதியான வண்டி தேவைப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கில் 350 சிசி புல்லட்டுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். இங்கே அவற்றை வரவழைத்து விற்றது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955-ல் அவர்களும் ரெட்டிட்ச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை அமைந்தது நம் திருவொற்றியூரில். 1956-ல் அங்கே வண்டி கட்ட ஆரம்பித்தார்கள். அந்த வருடக் கடைசிக்குள் வெளிவந்தவை 163 வண்டிகள்தான்.

முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1957-ல் பாகங்களைச் செய்யும் அச்சுகளும் கருவிகளும் இங்கே விற்கப்பட்டன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. அதே சமயத்தில் அங்கே கம்பெனி நொடித்துக்கொண்டிருந்தது. 1967-ல் ரெட்டிட்ச் ஆலையை மூடினார்கள். 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-ல் இங்கே செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. தாய் ஊரில் அடுப்பு அணைந்த பிறகு, பெண்ணைக் கொடுத்த ஊரில் இருந்து நெருப்பு வாங்கிப்போன கதை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். 1956 என்றால் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்? ஏப்ரலில் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது, நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தன. பெருந்தொழில்களுக்கு உதாரணம் கேட்டால் பிலாய், ரூர்கேலா, துர்க்காப்பூர். உங்களில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி லோக்கலில் வந்து போனவர்கள். அந்த ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில்தான் என்ஃபீல்டு இருந்தது, விம்கோ தீப்பெட்டி ஆலை இருந்தது, எண்ணூரில் அசோக் லேலண்ட் இருந்தது. எம்.ஆர்.எஃப். 1946-ல் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கியதும் திருவொற்றியூரில்தான். உங்கள் அப்பாக்கள் அங்கெல்லாம் ஷிப்ட் பார்த்தார்கள். நான் பிலாயைப் பற்றி நடத்தினேன். இவற்றில் ஒன்றைக்கூட வகுப்பில் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சரி, வண்டிக்கு வருவோம்.

படித்துவிட்டு நேராகப் பொன்னேரி கடைத்தெருவில் ஒரு ஸ்பேனர் செட் வாங்கிவந்தேன். பத்து, பன்னிரண்டு, பதின்மூன்று என்று மில்லிமீட்டர் அளவுகள். ஒரு நட்டுக்குப் பதின்மூன்றைப் போட்டு அழுத்தித் திருப்பினேன். வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். நட்டின் மூலைகள் மழுங்கி மிளகாய்ப்பழம் போல் வழவழவென்று ஆகிவிட்டது.

சிப்காட் போகும் வழியில் இருபது வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பழைய மாணவருக்கு அப்போதுதான் போன் செய்தேன். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். "சார், அது மில்லிமீட்டர் வண்டி இல்ல, பழைய இங்கிலீஷ் அளவு. விட்வொர்த் ஸ்பேனர் வேணும். பெரியண்ணன் பெட்டியில கண்டிப்பா இருக்கும், பாருங்க" என்றார். பரணில் துருப்பிடித்த தகரப் பெட்டி. உள்ளே துணியில் சுற்றி, எண்ணெய் தடவி, வரிசையாக இருந்தன.

வரலாற்று வாத்தியாருக்கு அங்கே ஒரு பொறி தட்டியது. நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்ததும் 1956-ல்தான். அடுத்த வருடம் நயா பைசா வந்தது. சேர், படி, அங்குலம் எல்லாம் போய் கிலோ, லிட்டர், மீட்டர் வந்தன. அதே வருடம் திருவொற்றியூரில் அங்குலக் கணக்கில் ஒரு வண்டி செய்ய ஆரம்பித்து, பல பத்தாண்டுகளுக்கு அதை விடாமல் செய்தார்கள். ஆகவே சென்னை முதல் கும்மிடிப்பூண்டி வரை ஒவ்வொரு புல்லட் மெக்கானிக்கும் இரண்டு கணக்குகளை மனதில் வைத்திருந்தார்: அரசாங்கக் கணக்கு ஒன்று, புல்லட் கணக்கு ஒன்று. எந்தப் பள்ளிக்கூடமும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கை கையாகக் கடத்தினார்கள்.

மாணவர் வாரம் ஒரு நாள் வந்தார். ஒரு வேலையையும் அவர் செய்யவில்லை, என்னையே செய்யவைத்தார். அவர் சொன்ன முதல் பாடம்: "மூணு விஷயம்தான் சார். கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா, கம்ப்ரஷன் இருக்கா. மூணும் சரியான நேரத்துக்கு வந்துட்டா, ஸ்டார்ட் ஆகாம எங்க போயிடும்?"

பிளக்கைக் கழற்றி, ஒயரோடு சிலிண்டர் ஹெட்டில் தொடவைத்துக் கிக்கரை மிதித்தேன். பொறி இல்லை. சிலிண்டருக்குப் பின்னால் ஒரு வட்ட மூடி. அதற்குள் கான்டாக்ட் பாயிண்ட். இரண்டு சின்ன உலோக முகங்கள் சேர்ந்து சேர்ந்து பிரிகிற இடம். பிரிகிற நொடியில்தான் பிளக்கில் பொறி வரும். இத்தனை வருடத்தில் முகங்கள் பூத்துப்போயிருந்தன. மெல்லிய எமரி தாளால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்கவேண்டும். அதற்கு ஃபீலர் கேஜ் என்று விசிறி போல் விரியும் தகட்டுக் கட்டு இருக்கிறது. வைத்தேன். நீலப் பொறி தெறித்தது. அறுபத்தைந்து வயதில் கைதட்டிச் சிரித்தேன் என்றால் நம்புவீர்களா?

டேப்பெட் பார்ப்பது அதைவிடச் சுலபம். இன்ஜின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கவைத்துவிட்டு, புஷ்ராடை விரலால் உருட்ட வேண்டும். உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. விரல்தான் அளவுகோல். கார்புரேட்டரில் தண்ணீர் கலந்த பெட்ரோலின் கசடு. பைலட் ஜெட்டின் ஊசித்துளை அடைத்திருந்தது. அதைக் கம்பி விட்டுக் குத்தக்கூடாது, துளை பெரிதாகிவிடும், காற்றால்தான் ஊதவேண்டும் என்றார். சுத்தம் செய்தோம்.

ஒரு நாள் அவர் இல்லாதபோது மேதாவித்தனமாக டைமிங்கை நானே திருப்பிவைத்தேன். பொறி சீக்கிரமே வரும்படி ஆகிவிட்டது. மிதித்ததும் கிக்கர் திருப்பி அடித்தது. கெண்டைக்கால் இரண்டு வாரம் கறுத்துக் கிடந்தது. வீட்டம்மாவிடம் வாங்கியதை இங்கே எழுதமுடியாது. அடுத்த வாரம் அவர் வந்து, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைப் பாயிண்டுக்கு இடையில் செருகி, மெல்ல இழுத்துக்கொண்டே இன்ஜினைச் சுற்றச் சொன்னார். தாள் எந்த இடத்தில் நழுவுகிறதோ அதுதான் பாயிண்ட் திறக்கும் இடம். மெஷின் வேண்டாம், மீட்டர் வேண்டாம்.

வேலை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், "இதெல்லாம் யாருப்பா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"பத்தாவதுல ஃபெயில் ஆனேன்ல சார். அப்ப திருவொத்தியூர்ல ஒரு பட்டறையில சேர்ந்தேன். அந்த ஆளு கம்பெனியில வேலை பார்த்துட்டு வந்தவரு. அவரு சொல்லிக்கொடுத்தாரு." கொஞ்சம் நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்கதான் சார் அப்பவே சொல்லிட்டீங்களே, நீ ஸ்பேனர் பிடிக்கத்தான் லாயக்குன்னு."

எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவருக்கு மட்டுமா சொன்னேன்? படிக்காத ஒவ்வொரு பையனையும் "மெக்கானிக் கடைக்குத்தான் போவாய்" என்று மிரட்டியிருக்கிறேன். திட்டுவதற்கு ஒரு தொழிலின் பெயரைப் பயன்படுத்தினேன். அந்தத் தொழிலை உங்கள் அப்பாக்கள் செய்துகொண்டிருந்தார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அவரிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், டீ ஆறிடுது" என்றார். அவர் விட்டுவிட்டார். இந்தப் பதிவைப் படிக்கும் மற்றவர்களிடமும் கேட்கவேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதினேன்.

என்ஃபீல்டு கதையில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாறாமல் இருந்ததால் அந்தக் கம்பெனி கிட்டத்தட்ட அழிந்தது. 1980-களில் ஜப்பான் கூட்டோடு எடை குறைந்த, மைலேஜ் தரும் வண்டிகள் வந்ததும் புல்லட் தள்ளாடியது. 1994-ல் ஐஷர் நிறுவனம் வாங்கியது. 2000 வாக்கில்கூட மூடிவிடலாமா என்ற பேச்சு இருந்தது. பிறகு இன்ஜினையே புதிதாக வடிவமைத்தார்கள். பாயிண்ட் போய் எலக்ட்ரானிக் வந்தது, வலது கால் கியர் இடது காலுக்குப் போனது, ஒரகடத்தில் 2013-ல் பெரிய ஆலை வந்தது. அவர்கள் பிழைக்க அது தேவை. ஆனால் மாறாமல் இருந்த அந்தக் காலத்தில்தான், பத்தாவது தவறிய ஒரு பையன் ஒரு தடவை கற்றதை வைத்து ஆயுள் முழுக்கச் சோறு சாப்பிட முடிந்தது. அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கவும் முடிந்தது. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துத்தான் பாடம் எழுதவேண்டும்.

சித்திரை முதல் ஞாயிறு. சாவியைப் போட்டேன். கிக்கரை மெல்ல இறக்கி, இறுக்கம் வந்ததும் டிகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை நகர்த்தி, விட்டுவிட்டு மிதித்தேன். நான்காவது மிதியில் பிடித்தது. அந்தச் சத்தம் கேட்டு அண்ணி உள்ளேயிருந்து வந்தவர், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் எதுவும் பேசவில்லை. பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன்.

காயலான் கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆர்.சி. புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், அதுவரை தெருவுக்கு எடுக்கமாட்டேன். அண்ணன் மகன் கோடை லீவுக்கு வருகிறான். அவனுக்கு ஃபீலர் கேஜ் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதாக என் மாணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சம்பளம் வேண்டாமாம். எனக்கு அது ஒத்துவராது, கொடுப்பேன்.

ஒரு வேண்டுகோள். திருவொற்றியூர், எண்ணூர், அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உங்கள் அப்பாவோ தாத்தாவோ வேலை பார்த்திருந்தால், எந்த ஆலை, என்ன வேலை, எந்த வருடம் என்று கீழே எழுதுங்கள். வகுப்பில் நான் நடத்தாமல் விட்ட பாடம் அது. இப்போது நீங்கள் நடத்துங்கள், நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன்.