புகைக்கு விலை என்ன?

ஒரு சுருட்டு. நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. பற்றவைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பிடிச் சாம்பல். விலையோ 20,000 ரூபாய்க்கு மேல்!

கதையன்று தோழர்களே, கணக்கு. 2006ஆம் ஆண்டில் கியூபா நாட்டிலிருந்து 'கொகீபா பெகீக்கே' என்னும் பெயரோடு நூறே நூறு பேழைகள் விற்பனைக்கு வந்தன. பேழைக்கு 40 சுருட்டுகள். பேழையின் விலை ஏறத்தாழ 15,000 யூரோ. வகுத்துப் பாருங்கள்: சுருட்டு ஒன்றுக்கு 375 யூரோ. அந்நாளைய நாணய மதிப்பில் நம் பணம் இருபதாயிரத்தைத் தாண்டும். நாளொன்றுக்கு 200 ரூபாய் கூலி பெறும் ஒருவர், உண்ணாமல் உடுக்காமல் நூறு நாள் கூலியைச் சேர்த்துவைத்தால், ஒரு மாலைப்பொழுதின் புகையை வாங்கலாம்.

அந்த விலைக்கு அச்சுருட்டு தகுமா? இதுதான் கேள்வி. இதற்கு விடை தேட ஹவானா நகருக்கோ, இலண்டன் மாநகரத்துச் சீமான்களின் மன்றங்களுக்கோ நாம் போக வேண்டியதில்லை. போடிநாயக்கனூர்ச் சந்தையிலே நின்று பார்த்தால் போதும். ஆடம்பரப் பொருளுக்கு விலை எப்படிப் பிறக்கிறது, பிறந்த விலை எவர் கைக்குப் போகிறது என்பதை நம் கண்ணெதிரே காட்டும் ஊர் அது.

ஏலத்திற்கு ஏலம்

பொழுது புலருமுன்னே போடியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஜீப்புகள் உறுமத் தொடங்கும். தூக்குவாளியில் சோறும், தலையில் துணிக்கட்டும், கையில் கூடையுமாகப் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து ஏறுவர். போடிமெட்டு வரையில் 17 கொண்டையூசி வளைவுகள். அதற்கப்பால் கேரள நாட்டின் ஏலமலை. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டுமென்று எழுந்த கோரிக்கை நிறைவேறவில்லை. மலை அப்பாலே நின்றது. சந்தையும் உழைக்கும் கைகளும் இப்பாலே நின்றன. அன்று வகுத்த எல்லையைப் பெண்கள் நாள்தோறும் விடியலில் ஒரு முறை, அந்தியில் ஒரு முறை கடக்கின்றனர். ஆள் நிறைந்த ஜீப் பள்ளத்தில் உருண்டது என்ற செய்தி அந்தச் சாலைகளுக்குப் புதிதன்று.

ஏலக்காய் மரத்தில் காய்த்துத் தொங்குவதில்லை. செடியின் அடியில், தரையோடு படரும் சரங்களிலே காய்ப்பது. பறிப்பவர் நாள் முழுதும் முதுகு வளைத்தாக வேண்டும். அட்டை கடிக்கும், மழை நனைக்கும், பூச்சிமருந்தின் நெடி மூக்கைத் துளைக்கும். எல்லாக் காயும் ஒருங்கே முற்றுவதில்லை. ஆகவே ஏறத்தாழ நாற்பது நாளுக்கொரு முறை அதே செடியிடம் திரும்பி வந்து, பருவம் பார்த்துப் பறித்தல் வேண்டும். பறித்த பச்சைக்காயை 'ஸ்டோர்' எனப்படும் உலர்த்தும் கூடத்தில் சூடேற்றிக் காயவைத்தால், ஐந்து கிலோ சுருங்கி ஏறக்குறைய ஒரு கிலோ ஆகும். பிறகு போடியின் கிடங்குகளிலே, மீண்டும் பெண்களின் விரல்கள்தாம் காம்பு களைந்து, வெடித்தது நீக்கி, பருத்தது வேறு சிறுத்தது வேறு, பச்சை வேறு வெளுப்பு வேறு எனத் தரம் பிரிக்கின்றன.

அதற்குமேல் நடப்பதுதான் ஏலத்திற்கு ஏலம்! நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் போடியிலும், மலைக்கு மேலே புற்றடியிலும், வணிகர்கள் கணிப்பொறி முன் அமர்ந்து விலை கேட்கின்றனர். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருத்த, கிளிப்பச்சை நிறக் காய்க்கே முதல் மரியாதை. பாயசத்தில் இட்டால் பருத்ததும் மணக்கிறது, சிறுத்ததும் மணக்கிறது. ஆயினும் கண்ணுக்கு விருந்தான காய்க்கே காசு கூடுதல்.

2018ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மலைத் தோட்டங்களைச் சிதைத்தது. அடுத்து வந்த கோடை, எஞ்சிய செடிகளையும் வாட்டியது. வரத்து குன்றிற்று; 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் என்ற உச்சத்தைத் தொட்டது. 2022இலோ ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அதே மலை, அதே செடி, அதே மணம்! காயின் குணம் ஏழு மடங்கு ஏறவும் இல்லை. ஏழில் ஒன்றாய்க் குறையவும் இல்லை. ஏறியதும் இறங்கியதும் விலை மட்டுமே. அந்த விலை வானத்தைத் தொட்டபோது பறித்தவளின் கூலி ஏழு மடங்கு ஆயிற்றா? இல்லை. விலை என்பது வேறு, மதிப்பு என்பது வேறு என்னும் பாடத்தைப் போடி நமக்குக் கற்பிக்கிறது.

இந்தப் பாடம் புதியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரி அறிஞர் பிளினி, மிளகில் உருவ அழகும் இல்லை, இனிப்பும் இல்லை, காரம் ஒன்றே உண்டு. அதைப் பொன்போல் நிறுத்து வாங்குகிறார்களே என்று வியந்தார். ரோமப் பேரரசின் செல்வம் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் இந்தியாவுக்குப் போகிறதே என்று வருந்தினார். அந்தக் காசுகளைக் கொங்கு மண் இன்றும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. நம் மலைப்பொருளைப் பார்த்து அன்று ரோமன் கேட்ட கேள்வியை, இன்று நாம் சுருட்டைப் பார்த்துக் கேட்கிறோம், அவ்வளவே.

இலை வந்த வழி

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. 1492இல் கொலம்பசின் கூட்டத்தார் கியூபாத் தீவில் இறங்கியபோது, அங்குள்ள மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்டனர். ஐரோப்பா அப்பழக்கத்தைப் பற்றிக்கொண்டது. 1604இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் ஜேம்ஸ் அதைக் கண்டித்து நூலே எழுதினான். வரியைப் பன்மடங்கு உயர்த்தினான். பழக்கம் ஒழியவில்லை; அரசுக் கருவூலந்தான் நிறைந்தது. நம் நாட்டுக்கு அச்செடியைக் கொணர்ந்தவர் போர்த்துக்கீசியர்.

வந்த செடிக்குத் தமிழன் தந்த பெயரோ உலகம் சுற்றியது. ஆங்கில அகராதியில் 'செரூட்' என்று ஏறி அமர்ந்திருக்கும் சொல், நம் 'சுருட்டு' அன்றி வேறில்லை. போடிக்கு வடகிழக்கே உள்ள திண்டுக்கல் வட்டாரத்தில் இலை விளைந்தது. திருச்சியை அடுத்த உறையூரிலே அது சுருட்டாயிற்று. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனத்தார் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தினர். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலை நடந்த இடத்தில் சிந்திய சாம்பலைக் கண்டு அது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் சொல்கிறார். அவ்வளவு தூரம் சென்றது அதன் பெயர்!

அதே வட்டாரத்து இலையை நம் ஊர்த் திண்ணையில் பெரியவர் ஒருவர் சுருட்டிப் பிடித்தால் அது நாட்டுச் சுருட்டு. பேழையில் அடுக்கித் துரையின் மேசைமேல் வைத்தால் அது சீமைச் சரக்கு! "சர்ச்சிலே விரும்பிப் பிடித்த சுருட்டு எங்கள் ஊர்ச் சுருட்டு" என்று பெருமை பேசுவோர் இன்றும் உளர். அவர் பெயரோடு உலகம் சேர்த்துப் பேசுவது கியூபாச் சுருட்டையே. போகட்டும், அவர் பிடித்தார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் இலையின் குணம் மாறிவிடுமா? யார் வாய்ச் சொல் என்று பாராமல் மெய்ப்பொருளைக் காண்க என்றாரே வள்ளுவர், அந்த அளவுகோல் சுருட்டுக்கும் பொருந்தும்.

இலைக்கு எவ்வளவு? பெயருக்கு எவ்வளவு?

நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்வோம். நல்ல சுருட்டுக்குப் பின்னே உண்மையான உழைப்பு உண்டு. மேலுறைக்கான இலையைத் துணிப்பந்தலின் நிழலில் வளர்க்கின்றனர். குவித்துப் புழுங்கவைத்து, ஆண்டுக்கணக்கில் பதப்படுத்துகின்றனர். நரம்பு நீக்கி, நிறம் பிரித்துச் சுருட்டும் கைக்குப் பல்லாண்டுப் பயிற்சி தேவை. ஆகவே மட்டமான சுருட்டுக்கும் தேர்ந்த சுருட்டுக்கும் வேறுபாடே இல்லை என்று சொல்வது பகுத்தறிவாகாது. உழைப்புக்கும் திறனுக்கும் உரிய விலை ஒன்று உண்டு.

ஆனால் அந்த எல்லை விரைவில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே ஏறும் விலை இலைக்கன்று. பேழைக்கு, முத்திரைக்கு, எண்ணிக்கையைக் குறுக்கிய தந்திரத்துக்கு. நூறு பேழை மட்டுமே என்று சொன்னவுடன் நூற்றோராவது சீமானுக்கு நெஞ்சு பதைக்கிறதே, அந்தப் பதைப்புக்கு!

1899இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் வெப்ளன், ஓய்வில் வாழும் வகுப்பாரைப் பற்றிய தம் நூலிலே இதை விளக்கினார். சில பொருள்கள் விலை கூடுதலாக இருப்பதனாலேயே விரும்பப்படுகின்றன; தன்னால் வீணாக்க முடியும் என்று ஊருக்குக் காட்டுவதே அவற்றின் பயன் என்றார். 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு மேலும் ஒளி தந்தது. கலிபோர்னியாவில் ஒரே திராட்சை மதுவை, 10 டாலர் என்று ஒரு முறையும் 90 டாலர் என்று மறுமுறையும் சொல்லிச் சுவைக்கக் கொடுத்தனர். 90 டாலர் என்று கேட்டபோது அதுவே மிகச் சுவையாக இருந்தது என்றனர் அருந்தியோர். மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியும் அப்போது கூடுதலாக இயங்கிற்று. விலைச்சீட்டே சுவையாகிவிட்டது! எட்டு மில்லிமீட்டர்ப் பச்சைக் காயும் நூற்றுக்கு ஒன்றான பேழையும் ஒரே கதையின் இரு அத்தியாயங்கள்.

சுருட்டியவர் கண்ட செல்வம்

அந்த 2006ஆம் ஆண்டுச் சுருட்டுகள் நாலாயிரத்தையும் சுருட்டியவர் ஒரே ஒரு தொழிலாளிப் பெண் என்பது அவ்விற்பனையின் பெருமைகளுள் ஒன்று. வாங்கியவர்களுள் எத்தனை பேர், புகைக்குமுன் அந்தக் கைகளை ஒரு நொடி எண்ணியிருப்பர்?

ஆயினும் சுருட்டுத் தொழிலின் வரலாற்றிலே விலைமதிப்பற்ற செல்வம் ஒன்று உண்டு. அது பேழைக்குள் இல்லை. சுருட்டும் கூடத்திலே இருக்கிறது. 1865இல் ஹவானாவின் தொழிற்சாலை ஒன்றில், தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்தே காசு சேர்த்து, உரக்கப் படித்துக் காட்ட ஒருவரை அமர்த்தினர். கை இலையைச் சுருட்டும். காது செய்தித்தாளையும் புதினத்தையும் கேட்கும். அடுத்த ஆண்டிலேயே ஸ்பானிய ஆட்சி அதற்குத் தடை விதித்தது. எழுத்தறியாதவன் கேட்டறிந்தாலும் ஆள்வோர்க்கு அச்சம்! தடை நிலைக்கவில்லை, படிப்பு நிலைத்தது. அவர்கள் விரும்பிக் கேட்ட புதினத்தின் பெயரே 'மாண்டிகிறிஸ்டோ' என்று புகழ்பெற்ற சுருட்டின் பெயராயிற்று.

அந்த விளக்கு ஹவானாவில் மட்டுமா எரிந்தது? யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் செய்தித்தாள் படிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டே சுருட்டினர். கண்ணூர்ப் பீடித் தொழிலாளரிடையே, படிப்பவரின் பங்கையும் மற்றவர்கள் சேர்த்துச் சுற்றிக் கொடுத்தனர். கேட்டவர் சிந்தித்தார், சிந்தித்தவர் சங்கம் கண்டார். 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென வேலைநேர வரம்பும் விடுமுறையும் வகுத்த சட்டம் வந்தது. கேரளத்தில் அது செயலுக்கு வந்தபோது முதலாளிகள் கடையை மூடினர். ஆயிரமாயிரம் பேர் தெருவில் நின்றனர். நின்றவர்கள் 1969இல் 'தினேஷ் பீடி' என்னும் கூட்டுறவைத் தாங்களே எழுப்பினர். பின்னாளில் பீடி விற்பனை குன்றியபோது, அதே கூட்டுறவு மசாலாப் பொடியும் குடையும் செய்யத் தொடங்கிற்று. புகையை விட்டு மணத்துக்குத் திரும்பிய அந்தக் கதையை நாம் மறத்தலாகாது.

தீர்ப்பு

ஏனெனில் மணம் வேறு, புகை வேறு. ஏலக்காய் எவரையும் கொல்வதில்லை. புகையிலையோ உலகெங்கும் ஆண்டுதோறும் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடிக்கிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டிச் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருத்தல் கூடும். வாய்ப்புற்றும் தொண்டைப்புற்றும் பேழையின் விலையைக் கேட்டு விலகிப் போவதில்லை. ஈர இலையைத் தொட்டு அறுவடை செய்யும் உழவனின் தோல்வழியே நஞ்சேறி, வாந்தியும் மயக்கமும் வருவதுண்டு. இருபதாயிரம் கொடுத்து வாங்கினாலும் நஞ்சு நஞ்சே.

எனவே நம் தீர்ப்பு இது: அந்தச் சுருட்டு அந்த விலைக்குத் தகாது. விலையில் சிறுபகுதி இலைக்கு, அதனினும் சிறுபகுதி உழைப்புக்கு, எஞ்சியதெல்லாம் செருக்குக்கு.

தீர்ப்பு சொல்லிவிட்டு வீடு திரும்பினால் வேலை முடிந்துவிடாது, இளைஞர்களே! எந்தப் பொருளின் விலையைக் கேட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள்: இதில் பொருளுக்கு எவ்வளவு? பகட்டுக்கு எவ்வளவு? செய்த கைக்கு எவ்வளவு? முதல் இரண்டைக் கேட்பவன் ஏமாறாத வணிகன் ஆவான். மூன்றாவதையும் கேட்பவனே சமுதாயத்துக்குப் பயன்படுவான்.

அந்தி சாய்கிறது. போடிமெட்டிலிருந்து ஜீப்புகள் இறங்குகின்றன. அவற்றினுள்ளே நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் பெண்களின் விரல்களில் ஏலமணம் இருக்கிறது. மடியிலோ அன்றைய கூலி மட்டுமே இருக்கிறது. மணம் அவர்களுடையது, பணம் எவருடையது? கணக்கைக் கேளுங்கள். கேட்கும்வரை அது தீராது.