திருத்தியாச்சு, ஆனா வந்து சேரேல்லை

போன லீவுக்கு முரசுமோட்டையில எங்கட கூட்டாளி ஒருத்தி வீட்டில நிண்டம். அவளின்ர அம்மாட போனில இடமில்லையாம், துப்புரவாக்கித் தரச் சொன்னா. செற்றிங்ஸுக்குள்ள போனபோது 'பாதுகாப்புப் புதுப்பிப்பு' என்ற இடத்தில் ஒரு திகதி இருந்தது: 2018 ஆகஸ்ட். கிளிநொச்சி ரவுனில வாங்கின பாவிச்ச போன். வங்கிக் குறுஞ்செய்தியும் அதிலதான், வெளிநாட்டில இருக்கிற மகனோட கதைக்கிறதும் அதிலதான்.

நாங்கள் கலைப்பீடம், கொம்பியூட்டர் படிக்கேல்லை. ஆனால் வரலாறு படிக்கிறவைக்கு ஒரு திகதியைக் கண்டால் சும்மா விட்டிட்டுப் போகேலாது. இந்தப் போனுக்கு என்னதான் வராமல் போயிருக்கும் என்று தேடினோம். அப்போதுதான் பைன்டரின் கதை கிடைத்தது.

பைன்டர் அன்ட்ரொயிட்டின் கேர்னலுக்குள் இருக்கும் ஒரு டிரைவர். டிரைவர் எண்டால் வழமையாகக் கமரா, பிரின்டர் மாதிரி ஒரு சாமானை இயக்குவது. பைன்டருக்கு அப்படி ஒரு சாமான் இல்லை. ஒரு செயலி மற்றச் செயலியோடு பேசுவதற்கான பாதை அது. எல்லாச் செயலிகளும் அதைத் தொட்டே ஆகவேண்டும். அதனால் அதில் ஒரு ஓட்டை இருந்தால் முழுப் போனுக்கும் ஆபத்து.

ஓட்டை நினைவகத்தைக் கையாளும் விதத்தில் இருந்தது. செயலிக்குள் ஓடும் ஒரு வேலை இழை முடிந்ததும், அதற்கு ஒதுக்கிய நினைவகத் துண்டை பைன்டர் விடுவித்துவிடும். ஆனால் கேர்னலின் இன்னொரு பகுதியான ஈபோல் அந்தத் துண்டின் விலாசத்தை விடாமல் வைத்திருந்தது. கம்பஸ் விடுதியில் அறையை ஒப்படைத்துவிட்டு திறப்பை மட்டும் கொண்டுபோனது போல. அறைக்குப் புது ஆள் வந்த பிறகும் பழைய திறப்பு திறக்கும். இந்த வழியைத் தெரிந்தவன் கேர்னலின் அதிகாரத்தையே கைப்பற்றலாம்.

2017 நவம்பரிலேயே சிஸ்கோலர் என்ற கூகுளின் தானியங்கிச் சோதனைக் கருவி இதைப் பிடித்துவிட்டது. 2018 பெப்ரவரியில் லினக்ஸ் 4.14இல் திருத்தம் சேர்ந்தது. திருத்தம் எண்டால் சில வரிகள்தான்: இழை முடியும்போது ஈபோலின் பிடியையும் கழற்றிவிடு. அன்ட்ரொயிட்டின் பொதுக் கேர்னல்களான 3.18, 4.4, 4.9 ஆகியவற்றுக்கும் அது போனது.

அதோடு நிண்டிட்டுது. இது ஒரு பாதுகாப்புப் பிரச்சினை என்று அப்போது யாரும் பெயரிடவில்லை. சிவிஇ இலக்கம் கொடுக்கவில்லை, அன்ட்ரொயிட்டின் மாதாந்தப் பாதுகாப்பு அறிக்கையிலும் சேர்க்கவில்லை. அதனால் கனக்கப் போன்களுக்கு அது போய்ச் சேரவில்லை. சாம்சங் எஸ்9, ஹுவாவே பி20 இரண்டும் திருத்தம் எழுதப்பட்ட பிறகு சந்தைக்கு வந்தவை. ஆனாலும் பழைய ஓட்டையோடுதான் வந்தன.

2019 செப்டெம்பர் 27இல் கூகுளின் புரொஜெக்ட் சீரோவைச் சேர்ந்த மாடி ஸ்டோன் அன்ட்ரொயிட் குழுவுக்கு இதை அறிவித்தார். ஆரோ இந்த ஓட்டையை ஏற்கெனவே பாவிக்கிறார்கள் என்ற தகவல் கிடைத்திருந்ததால், கொடுத்த கெடு 7 நாள் மட்டுமே. அதற்குப் பிறகுதான் சிவிஇ-2019-2215 என்ற இலக்கம் வந்தது, ஒக்டோபரில் பிக்சல் போன்களுக்குப் புதுப்பிப்பும் வந்தது. 2020 ஜனவரியில் ட்ரெண்ட் மைக்ரோ இன்னொன்றைச் சொன்னது: பிளே ஸ்டோரில் படம் எடுக்கும் செயலி போல இருந்த கமெரோ இதே ஓட்டைக்குள்ளால்தான் நுழைந்திருக்கிறது.

அப்ப இந்த ஓட்டை எந்த ஆண்டில் அடைபட்டது? லினக்ஸ் பதிவேட்டைக் கேட்டால் 2018. பிக்சல் வைத்திருந்தவரைக் கேட்டால் 2019. முரசுமோட்டை ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரணைமடுவில கதவு திறந்த திகதி ஒன்று, தன்ர வயலுக்குத் தண்ணி வந்த திகதி இன்னொன்று. நாங்கள் படிக்கிற வரலாறு அநேகமாக முதல் திகதியை மட்டும்தான் குறித்து வைக்கிறது. இரண்டாவது திகதியை வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

அம்மாட போனில தெரியாத செயலிகள் நாலைஞ்சை அழித்தோம். பிறகு 'புதுப்பிப்பைத் தேடு' என்பதை அமத்தினோம். கொஞ்ச நேரம் சுத்திப்போட்டு, உங்கள் போன் புதிய நிலையில் இருக்கிறது என்று சொல்லிச்சு.

அம்மாக்குச் சந்தோசம். எங்களுக்குத்தான் என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை.